பீங்கான் தட்டில் கிரேக்கச் சித்திரம்: சூளைக்கு முன்னும் பின்னும்

பீங்கான்மேல் தீட்டிய வண்ணம் சூளைக்குள் போகும்வரை நம் சொற்படி கேட்கும். பிடிக்காத கோட்டைத் துணியால் துடைத்துவிடலாம். ஒரு முழு உருவத்தையே அழித்துவிட்டு, மறுநாள் வெறும் வெள்ளைத் தட்டிலிருந்து மீண்டும் தொடங்கலாம். ஒருமுறை சுட்டு எடுத்துவிட்டாலோ, வண்ணம் தட்டின் மேலுள்ள கண்ணாடிப் பூச்சான மெருகோடு உருகிக் கலந்து ஒன்றாகிவிடுகிறது. அதன்மேல் இருளைக் கூட்ட முடியுமே தவிர, இழந்த வெளிச்சத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. இந்தக் கலையில் எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்கு வைப்பது என்ற வரிசை முழுவதும் இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறக்கிறது. நடுவில் ஒரு கிரேக்க உருவமும், விளிம்பில் மடக்குக்கோட்டு அணியும், மெல்லிய தங்கக் கோடும் கொண்ட ஒரு தட்டைத் தீட்டி முடிக்கும் முறையை அந்த வரிசையிலேயே இங்கே விளக்குகிறேன்.

பீங்கானின் உடல் கேயோலின் என்னும் வெண்களிமண்ணும், ஃபெல்ட்ஸ்பாரும், குவார்ட்ஸும் சேர்ந்தது. கடினப் பீங்கான் 1400 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் சுடப்படுகிறது. அந்தச் சூட்டைத் தாங்கி நிற்கும் நிறங்கள் மிகச் சில, அவற்றுள் தலையாயது கோபால்ட் நீலம். பல நிறங்கள் வேண்டுமானால், மெருகேற்றிச் சுட்டு முடிந்த தட்டின்மேல் வேறு வகை வண்ணத்தால் தீட்டி, ஏறக்குறைய 750 முதல் 830 டிகிரிக்குள் மறுபடி சுடவேண்டும். அந்த வண்ணம் உண்மையில் பொடியாக்கிய கண்ணாடிதான்: நிறம் தரும் உலோக ஆக்சைடும், எளிதில் உருகும் கண்ணாடிச் சேர்மமும் கலந்தது. ஜெர்மனியின் மைசென் ஆலை 1710-இல் தொடங்கப்பட்டபோது இந்த வண்ணங்கள் அங்கே போதிய அளவில் இல்லை. 1720-இல் அங்கு வந்து சேர்ந்த யோஹான் கிரிகோரியஸ் ஹெரோல்ட் என்ற ஓவியர்தான் அவற்றை ஒரு முழு வரிசையாக வளர்த்தெடுத்தார். இன்று சிறு புட்டிகளில் கிடைக்கும் பீங்கான் வண்ணப்பொடிகளும் அடிப்படையில் அதே வகையைச் சேர்ந்தவை.

சூளை வசதி இல்லாதவர்களுக்கு, வீட்டு அவனில் 150 டிகிரி அளவில் சூடாக்கினால் போதும் என்று விற்கப்படும் பேனாக்களும் பூச்சுகளும் உண்டு. அவை மெருகோடு உருகிக் கலப்பதில்லை, மேலே ஒட்டிக்கொண்டு நிற்பவை. கத்தி முனையும் அடிக்கடி கழுவுவதும் அவற்றைத் தேய்த்துவிடும். பயிற்சிக்கு அவை போதும். இங்கே சொல்லும் முறைக்கு உதவா.

எந்த உருவத்தை எடுப்பது?

தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஒரு பெரிய எண்ணெய் ஓவியத்தை எடுத்து, அதைத் தட்டுக்குள் அடக்கப் பார்ப்பார்கள். செவ்வகத்துக்காகத் திட்டமிட்ட காட்சியை வட்டத்துக்குள் திணித்தால் கைகால்கள் வெட்டுப்படும். நான்கு பக்கமும் பொருளற்ற வெற்றிடம் தொங்கும். வட்டத்துக்கென்றே வரையப்பட்ட உருவத்தைத் தேடுவதே சரியான வழி. அத்தகைய உருவங்களை வேண்டிய அளவு விட்டுச்சென்றவர்கள் பண்டைக் கிரேக்கக் கலயக் கலைஞர்கள். கைலிக்ஸ் என்னும் அகன்ற மதுக்கோப்பையின் உள்ளடியில் அவர்கள் தீட்டிய வட்டச் சித்திரங்களில், மண்டியிடுபவர், ஓடுபவர், குனிபவர், சாய்ந்திருப்பவர் என்று உடல் எப்படியெல்லாம் வளைந்தால் வட்டம் நிறையும் என்பதற்கான விடைகள் கிடைக்கின்றன.

இரண்டு கோப்பைகளை உற்றுப் பார்க்கலாம். எக்ஸேகியாஸ் என்ற கலைஞர் கி.மு. 530-ஐ ஒட்டிச் செய்த கோப்பை இப்போது மியூனிக் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படகில் சாய்ந்திருக்கும் மதுக்கடவுள் டயோனிசஸ், பாய்மரத்தைச் சுற்றி எழுந்து இரு புறமும் படரும் திராட்சைக் கொடி, சுற்றிலும் நீந்தும் ஏழு டால்ஃபின்கள். தரைக்கோடு என்று ஒன்றே இல்லை, அதனால் வட்டத்தை எப்படித் திருப்பினாலும் கண்ணுக்கு உறுத்துவதில்லை. மற்றொன்று, சோசியாஸ் என்ற குயவரின் கையொப்பமுள்ள, கி.மு. 500 அளவிலான பெர்லின் கோப்பை. கிரேக்கப் புராண வீரன் அகிலீஸ் தன் நண்பன் பட்ரோக்ளஸின் கைக்காயத்துக்குக் கட்டுப்போடுகிறான். வலியில் முகத்தைத் திருப்பிக்கொண்ட பட்ரோக்ளஸ், நீட்டிய காலின் பாதத்தைச் சித்திரத்தின் வட்ட விளிம்பிலேயே ஊன்றிக்கொண்டிருக்கிறான். ஓவியர் சட்டத்தையே அவனுக்குக் காலூன்றும் சுவராக்கியிருக்கிறார். உங்கள் உருவம் வட்டத்தின் எந்த இடத்தைத் தொடுகிறது, எதன்மேல் சாய்கிறது என்று முதலில் தீர்மானித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் தட்டுக்கு, லைர் என்னும் நரம்புக்கருவியை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் ஒரு கலைத்தேவதையைப் பரிந்துரைக்கிறேன். வளைந்த முதுகு வட்டத்தின் ஒரு பக்கத்தை நிறைக்கும். கருவியின் வளைவு மறுபக்கத்தை நிறைக்கும். துணி மடிப்புகள் கைக்கு நல்ல பயிற்சி தரும். உருவத்துக்கு நிறம் ஒன்றே ஒன்று, அடர் பழுப்பு. ஒரே நிறத்தின் ஏற்ற இறக்கத்தில் தீட்டும் முறையைப் பழைய ஐரோப்பிய ஆலைகள் மிகவும் விரும்பிக் கையாண்டன. செதுக்கிய கல்லையும் புடைப்புச் சிற்பத்தையும் நினைவூட்டும் அந்தத் தோற்றம் கிரேக்க, ரோமானியப் பொருளுக்கு இயல்பாகவே பொருந்துகிறது. பல நிறங்களில் தீட்டிய தோலும் பூவும் வானமும் சேர்ந்தால், ஆறு வண்ணங்களும் ஆறு வகையாகச் சூளையில் நடந்துகொள்ளும். அந்தத் தொல்லை முதல் தட்டிலேயே வேண்டாம்.

தட்டு, வண்ணம், எண்ணெய்

வெளிச்சத்துக்கு எதிரே தட்டைப் பிடித்து, பின்னால் விரலை அசைத்தால் நிழல் தெரிய வேண்டும். தெரிந்தால் அது பீங்கான், தெரியாவிட்டால் பெரும்பாலும் கனத்த மண்பாண்ட வகை. புதிய, பயன்படுத்தாத தட்டாகவே இருக்கட்டும். பல ஆண்டுகள் புழங்கிய பழைய தட்டுகளின் மெருகில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் வழியே ஈரமும் பிசுக்கும் இறங்கியிருக்கும். மறுபடி சுடும்போது அவை கரும்புள்ளிகளாகப் பொரிந்து வெளியே வரும், அதற்குத் தீர்வே கிடையாது. நாம் எடுத்துக்கொள்வது 26 செ.மீ. குறுக்களவும் அகன்ற தட்டையான விளிம்பும் உள்ள தட்டு.

வண்ணப்பொடியைக் குழைக்கும் எண்ணெயில்தான் கைத்திறனில் பாதி அடங்கியிருக்கிறது. காலங்காலமாக வரும் கலவையில், டர்பன்டைனைத் தட்டில் ஊற்றித் தூசி படாமல் பல நாள் ஆறவிட்டுத் தேன்பதமாகக் கெட்டியாக்கியதே முதன்மைப் பொருள். சீக்கிரம் உலராமல் இருக்கச் சில துளி கிராம்புத் தைலமும், தூரிகை வழுக்கிச் செல்ல லாவெண்டர் எண்ணெயும் சேர்ப்பார்கள். பொடியையும் எண்ணெயையும் கண்ணாடிப் பலகையில் வைத்து, அடி தட்டையான கண்ணாடிக் குழவியால் மணல்போன்ற நெருநெருப்பு அடங்கும்வரை அரைக்க வேண்டும். பதம் பற்பசைபோல் இருக்க வேண்டும்: கத்தி முனையால் எடுத்து நிறுத்தினால் நிற்கவும், ஆனால் தூரிகை தொட்டதும் இளகவும் வேண்டும். எண்ணெய் குறைந்தால் வண்ணம் பொடியாய் உதிரும். எண்ணெய் கூடினால் தீட்டும்போது அழகாகத்தான் இருக்கும். சூளையிலோ கொப்புளமாகப் பொரிந்து, சுருங்கி, தட்டின் வெள்ளையைக் காட்டிக்கொண்டு உரிந்துவிடும். புதிதாகக் கற்பவர்களின் தட்டுகள் கெடுவது பெரும்பாலும் இந்த ஒரு காரணத்தால்தான்.

அணில் மயிரால் ஆன மென்மையான தூரிகைகள் மூன்று போதும்: பரப்பு முழுவதும் மெல்லிதாகப் பூச அகன்ற ஒன்று, துணி மடிப்புகளுக்கு நுனி சதுரமாக வெட்டிய நடுத்தரமான ஒன்று, கோடுகளுக்கு நீண்ட மயிருள்ள மெல்லிய ஒன்று. இவற்றோடு, பஞ்சை உள்ளே வைத்து மெல்லிய பட்டுத்துணியால் கட்டிய விரல் அளவுப் பொட்டணம் ஒன்று வேண்டும்; பூசிய வண்ணத்தைத் தட்டித்தட்டிச் சமன்படுத்த அதைவிடச் சிறந்த கருவி இல்லை.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்த வண்ணங்கள் பலவற்றில் ஈயமும், சில சிவப்பு, மஞ்சள் நிறங்களில் கேட்மியமும் உண்டு. பொடியைக் கையாளும்போது துகள்தடுப்பு முகக்கவசம் அணிய வேண்டும். தூரிகை நுனியை உதட்டால் கூராக்கும் பழக்கம் இருந்தால் அதை இன்றோடு விட்டுவிட வேண்டும். வேலை மேசையில் தின்பண்டமோ தேநீரோ கூடாது. உணவு படும் பரப்பில் தீட்டிய தட்டைச் சாப்பாட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது. பீங்கானிலிருந்து ஈயமும் கேட்மியமும் கசிகின்றனவா என்று அறிய, 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் ஊற்றிவைத்து ஆய்வகத்தில் அளப்பார்கள். வீட்டில் எலுமிச்சை பிழிந்து நிறம் மங்குகிறதா என்று பார்ப்பது அதற்கு ஈடாகாது. நாம் செய்யும் தட்டு சுவரிலோ அலமாரியிலோ நிற்பதற்குரியது.

விளிம்பை அளத்தல்

உருவத்தைவிட விளிம்பு அணியில்தான் பிழை பளிச்சென்று தெரியும். மடக்குக்கோடு என்பது ஒரே கோடு உள்நோக்கி மடங்கி, வெளியே வந்து, அடுத்த மடிப்புக்குள் தொடர்ந்து போகும் கிரேக்க அணி. அது தட்டைச் சுற்றிவந்து தொடங்கிய இடத்தில் பிசகின்றிச் சேர வேண்டும். கண்ணளவில் வரைந்துகொண்டே வந்தால், கடைசியில் ஒன்றரை மடிப்புக்கான இடம் மீதியாகி நிற்கும். என் முதல் தட்டில் அந்த இடத்தை ஓர் இலையால் மறைத்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் அந்த இலையைத்தான் முதலில் பார்த்தார்கள்.

கணக்கு எளிது. அணிப்பட்டையின் நடுக்கோடு 22 செ.மீ. குறுக்களவுள்ள வட்டத்தில் போகிறது என்றால் அதன் சுற்றளவு 69.1 செ.மீ. அதை 48 மடிப்புகளாகப் பிரித்தால் ஒரு மடிப்புக்கு 14.4 மி.மீ. கிடைக்கும். 48-ஐத் தேர்ந்ததற்குக் காரணம் காகிதம். தட்டளவுக்கு வெட்டிய வட்டத் தாளைப் பாதியாக நான்கு முறை மடித்தால் 16 பாகங்கள் வரும். ஒவ்வொரு பாகத்தையும் மூன்றாகப் பிரிப்பது கண்ணுக்குச் சிரமமில்லை. பாகைமானி இல்லாமலே 48 வந்துவிட்டது. தாளைத் தட்டின்மேல் வைத்து, ஒவ்வொரு கோட்டின் முனையிலும் விளிம்பில் ஒரு புள்ளி குத்திக்கொள்ளலாம். ஒரு செ.மீ. அகலப் பட்டையில் வெளிக்கோட்டில் ஒரு மடிப்பு 15 மி.மீ. ஆகவும் உட்கோட்டில் 13.7 மி.மீ. ஆகவும் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது: நெடுக்குக் கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாக அல்ல, தட்டின் மையத்தை நோக்கிச் சாய்ந்து நிற்க வேண்டும். இணையாகப் போட்டால் அணி முழுவதும் ஒரு பக்கமாகச் சரிவதுபோல் தோன்றும்.

உருவத்தைத் தட்டுக்கு மாற்ற, வரைந்த தாளின் கோடுகள் நெடுக ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டு, தாளைத் தட்டில் ஒட்டி, கரித்தூள் பொட்டணத்தால் தட்டினால் போதும். புள்ளிக்கோடாக உருவம் இறங்கிவிடும். கிராஃபைட் தாள் வைத்தும் பிரதியெடுக்கலாம். கரியும் கிராஃபைட்டும் சூளையில் எரிந்து மறைந்துவிடும். தாளை வைப்பதற்கு முன் தட்டை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் வண்ணம் ஒட்டாது.

முதல் சுடுதல்: கோடும் மென்பூச்சும்

வண்ணப்பொடியைச் சர்க்கரைப் பாகில் குழைத்து எஃகு நிப்புப் பேனாவால் கோடு போடும் பழைய உத்தி ஒன்று உண்டு. நீரில் கரைந்த சர்க்கரை உலர்ந்தபின், அதன்மேல் போகும் எண்ணெய்ப் பூச்சில் கரையாது. ஆகவே கோட்டுக்கென்று தனியே ஒருமுறை சுடாமல், கோட்டையும் அதன்மேல் மென்பூச்சையும் ஒரே சுடுதலில் முடிக்கலாம். கோடு வெளிறியதாகவே இருக்கட்டும். முகத்துக்கு, நெற்றியும் மூக்கும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் இறங்கும் அந்தக் கிரேக்கப் பக்கத்தோற்றத்துக்கு, இந்த வெளிறிய கோடே பெரும்பாலும் கடைசிவரை போதும். கருங்கோடு போட்ட முகம் வெட்டி ஒட்டியதுபோல் தெரியும்.

துணி மடிப்பில் தொடங்கலாம். தேவதையின் மேலாடை தோளில் ஊசியால் குத்தப்பட்டு, இடுப்பில் கட்டப்பட்டு, முழங்காலில் இழுபட்டு நிற்கிறது. மடிப்புகள் எல்லாம் இந்த மூன்று பிடிப்புகளிலிருந்தே புறப்படும், வேறெங்கிருந்தும் அல்ல. முதலில் ஆடை முழுவதற்கும் மெல்லிய பழுப்பைப் பூசி, பட்டுப் பொட்டணத்தால் தூரிகைத் தடம் மறையும்வரை தட்ட வேண்டும். இப்போது ஆடை ஒரே தட்டையான நிறமாக இருக்கும். அடுத்து, சுத்தமான சதுரநுனித் தூரிகையை டர்பன்டைனில் தொட்டு, துணியில் ஒற்றி, ஈரம் இருப்பதே தெரியாத அளவுக்கு வற்றச் செய்துகொள்ள வேண்டும். தோளிலிருந்து முழங்கால் நோக்கி, ஒவ்வொரு மடிப்பின் முகட்டிலும் ஒரே இழுப்பில் அதை இழுத்தால், வண்ணம் தூரிகையோடு வந்து, அடியிலுள்ள பீங்கானின் வெள்ளை தெரியும். ஒவ்வோர் இழுப்புக்குப் பின்னும் தூரிகையைத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் எடுத்த வண்ணத்தையே அடுத்த மடிப்பில் வைப்பீர்கள். முழங்கால் உருண்டையில் பெரிய ஓர் ஒளித்திட்டு. அதிலிருந்து இறங்கும் மடிப்புகளில் போகப்போக ஒடுங்கும் கோடுகள். வெள்ளை வண்ணம் என்று ஒன்றைத் தொடவே தேவையில்லை.

முதல் சுடுதலுக்குப் போகும் தட்டு, பார்ப்பவருக்கு மங்கி வெளுத்த ஒன்றாகவே தோன்ற வேண்டும். ‘இன்னும் கொஞ்சம் கருமை சேர்த்தால் நன்றாயிருக்கும்’ என்று கை துறுதுறுக்கும் அந்த நேரத்தில்தான் நிறுத்த வேண்டும்.

சூளை

தீட்டிய தட்டைத் தூசி படாமல் ஒருநாள் உலரவிட வேண்டும். சூளையில் தட்டுகள் ஒன்றையொன்று தொடக் கூடாது. செங்குத்தாக நிறுத்தும் தாங்கிகளில் வைப்பது நல்லது. 400 டிகிரி வரை மணிக்கு 150 டிகிரிக்கு மேல் ஏற்றாமல், காற்றுத்துளையைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். எண்ணெய்கள் எரிந்து புகையாக வெளியேறும் நேரம் அது. அறைக்குக் காற்றோட்டம் கட்டாயம். புகை அடங்கியபின் துளையை மூடி, மணிக்கு 200 டிகிரி வீதம் உயர்த்தலாம். கடினப் பீங்கானுக்கு 800 டிகிரி, எலும்புச்சாம்பல் சேர்ந்த மென்மெருகுப் பீங்கானுக்கு 760 டிகிரி என்று தொடங்கி, அந்த உச்சத்தில் 15 நிமிடம் நிறுத்தி, பின் அணைக்க வேண்டும். சூளையின் மின்னணு அளவியை மட்டும் நம்பாமல், குறிப்பிட்ட வெப்பத்தில் இளகிச் சாயும் அளவைக்கூம்பு ஒன்றைத் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பது என் வழக்கம். 016 என்ற எண்ணுள்ள கூம்பு சுமார் 790 டிகிரியில் சாயும். உள்ளே 100 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை கதவைத் திறக்கவே கூடாது. ஆசை தாங்காமல் எட்டிப் பார்த்தபோது புகுந்த குளிர்காற்றில் விரிசல் விட்ட தட்டுகளின் கணக்கை நான் சொல்லப் போவதில்லை.

வெளியே எடுத்த வண்ணம் கண்ணாடிபோல் மினுங்க வேண்டும். மங்கலாக, தொட்டால் சொரசொரப்பாக இருந்தால் வெப்பம் போதவில்லை என்று பொருள். 15, 20 டிகிரி கூட்டி மறுபடி சுடலாம். பழுப்பும் கறுப்பும் வெப்ப வேறுபாட்டைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். பின்னாளில் பல நிறங்களுக்குப் போகும்போது இரண்டு நிறங்களைக் கவனமாகக் கையாள வேண்டும். இரும்பு ஆக்சைடால் ஆன செந்நிறம் வெப்பம் கூடினால் வெளிறி மறைந்துவிடும். ரோஜா, ஊதா நிறங்கள் தங்கத்தால் ஆனவை. தங்கக் கரைசலில் தகரக் குளோரைடு சேர்த்துப் பெறும் ஊதாத் துகள், 1685-இல் அதைப் பற்றி நூல் வெளியிட்ட ஆண்ட்ரியாஸ் காசியஸின் பெயரால் இன்றும் அழைக்கப்படுகிறது. வெப்பம் குறைந்தால் இந்த ரோஜா பழுப்பேறும், கூடினால் நீலம் பாய்ந்த ஊதாவாகும். இரும்புச் செந்நிறத்தையும் இந்தத் தங்க நிறங்களையும் ஒன்றாகக் கலக்கவும் கூடாது. கேட்மியச் சிவப்பை எதனோடும் கலக்கக் கூடாது.

இரண்டாவதும் மூன்றாவதும்

இரண்டாவது சுடுதலுக்கு முன், நனைத்த 600 எண் உப்புத்தாளால் தட்டின் பரப்பை இலேசாகத் தேய்த்துக் கழுவினால் சூளைத் தூசியால் ஏற்பட்ட சிறு முனைகள் நீங்கும். உலர்வாகத் தேய்க்கக் கூடாது. அந்தத் தூளிலும் ஈயம் இருக்கலாம்.

இப்போது நிழல்களின் முறை. மடிப்புகளின் பள்ளங்கள், கழுத்துக்கும் தாடைக்கும் இடையிலுள்ள நிழல், லைரைப் பிடித்த விரல்களின் இடைவெளிகள் ஆகிய இடங்களில் மட்டும் அடர்ந்த பழுப்பை வைத்து, ஒரு பக்க ஓரத்தைப் பொட்டணத்தால் கரைத்து, மறுபக்க ஓரத்தைக் கூர்மையாக விட வேண்டும். இரு ஓரங்களும் கரைந்த நிழல் புகைபோல் ஆகிவிடும். இரு ஓரங்களும் கூர்மையான நிழல் மரச்செதுக்கல்போல் நிற்கும். ஒன்று கரைந்தும் ஒன்று கூர்ந்தும் இருந்தால் துணிக்குக் கனம் வந்துவிடும். உருவத்துக்குப் பின்னே அடர்ந்த தளம் வேண்டுமானால் இந்தச் சுடுதலிலேயே போடலாம்: அந்த இடத்தில் எண்ணெயை மட்டும் மெல்லப் பூசிப் பொட்டணத்தால் சமன்செய்து, அது பிசுபிசுப்பாக இறுகியதும், உலர்ந்த வண்ணப்பொடியை மென்பஞ்சால் மேலே உருட்டிவிட்டால் எண்ணெய் தனக்கு வேண்டிய அளவை மட்டும் பிடித்துக்கொள்ளும். தூரிகையால் அத்தனை சமமான தளம் வராது. முகக்கவசம் இங்கே மிகமிக அவசியம்.

மூன்றாவதில் மடக்குக்கோட்டு அணியைக் கறுப்பில் தீட்டி, முகத்திலும் ஆடையிலும் இன்னும் ஆழம் தேவைப்படும் நான்கைந்து இடங்களைத் தொட்டு முடிக்கலாம். கோட்டின் ஓரம் பிசிறினால் துடைக்க வேண்டியதில்லை. வண்ணம் உலர்ந்தபின் கூரிய மரக்குச்சியால் சுரண்டினால் கத்தியால் வெட்டியதுபோல் ஓரம் நேராகும். கறுப்பைத் தடிமனாக வைக்கும் ஆசை வரும். தடித்த பூச்சு ஆறும்போது மெருகோடு ஒத்துச் சுருங்காமல் செதிலாகப் பெயர்ந்துவிடும். இரண்டு மெல்லிய பூச்சுகளை இரண்டு சுடுதல்களில் பெறுவதே பாதுகாப்பு.

சுரண்டும் இந்த உத்தியைத் தனித் தட்டாகவே செய்து பார்க்கலாம். கிரேக்கர்களின் கருவுருவக் கலயங்களில், செம்மண் நிறப் பரப்பின்மேல் உருவத்தைக் கறுப்பாகத் தீட்டி, கண், தசை, ஆடைக்கோடு எல்லாவற்றையும் கூரிய முனையால் கீறியே காட்டினார்கள். பீங்கானில் முதலில் செம்பழுப்புத் தளம் ஒன்றைச் சுட்டு எடுத்துக்கொண்டு, அதன்மேல் கறுப்பு உருவத்தைத் தீட்டி, உலர்ந்ததும் ஊசியால் கீறினால், சுட்ட தளம் சிதையாமல் கோடுகளில் செம்பழுப்பு எட்டிப்பார்க்கும். எக்ஸேகியாஸின் காலத்து முறைக்கு இவ்வளவு அருகில் நம்மைக் கொண்டுசெல்லும் பயிற்சி வேறில்லை. கீறிய தவறை மட்டும் திருத்த முடியாது; அந்த இடத்தைத் துடைத்து மறுபடி கறுப்பிட வேண்டும்.

தங்கம் கடைசியில்

வெப்பம் மிகுந்தது முதலில், குறைந்தது கடைசியில் என்பது பொதுவிதி. பின்னால் வரும் சுடுதல் முன்னதைக் கலைக்கக் கூடாது அல்லவா? தங்கம் 720 டிகிரியை ஒட்டியே ஒட்டிக்கொள்ளும் என்பதால் அது இறுதி ஆள். புட்டியில் உள்ள திரவத் தங்கம் அடர்பழுப்புப் பாகுபோல் இருக்கும், பொன்னிறம் சூளையிலிருந்து வெளிவரும்போதுதான் தெரியும். அதற்கெனத் தனித் தூரிகை வைத்துக்கொண்டு, தட்டைச் சுழல்மேடையின் நடுவில் சரியாக நிறுத்தி, தூரிகையை அசைக்காமல் பிடித்து மேடையை மட்டும் சுழற்றினால் மயிரிழைக் கோடு தானே விழும். மெலிந்த இடம் ஊதா நிறமாகும். தடித்த இடம் கொப்புளிக்கும். சுடாத வண்ணத்தின்மேல் தங்கம் வைத்தால் ஒளியிழக்கும். இன்னொன்றும் உண்டு: தங்கம் பட்ட விரல் தட்டில் எங்கேனும் பட்டிருந்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, சுட்டபின் ஊதா ரேகையாக எழுந்து நிற்கும். என் தேவதை ஒருத்தியின் கன்னத்தில் என் கட்டைவிரல் ரேகை இன்றும் இருக்கிறது. சூளையில் ஏற்றும் முன் தட்டு முழுவதையும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால், தங்கக் கோட்டைத் தொடாமல், ஒருமுறை துடைத்துவிடுவது நல்லது. திரவத் தங்கம் கண்ணைப் பறிக்கும் மினுக்கம் தரும். கிரேக்கப் பொருளுக்கு எனக்குப் பிடித்தது மங்கலாக வெளிவந்து, அகேட் கல்லால் தேய்த்து மெருகூட்டும் வகை. செலவும் உழைப்பும் கூடுதல்தான், ஆனால் பழுப்புச் சித்திரத்தோடு அது சண்டைபோடுவதில்லை.

தங்கத்தைச் சூளைக்கு அனுப்பும் முன் தட்டைத் திருப்பி, பின்புறத்தில் மெல்லிய தூரிகையால் வண்ணத்தில் எழுத வேண்டியதை எழுதிவிடலாம். 19-ஆம் நூற்றாண்டில் வியன்னா பாணியில் செய்யப்பட்ட ஏராளமான அலங்காரத் தட்டுகளில், சித்திரத்தின் ஓரத்தில் ஏஞ்சலிகா காஃப்மன் என்ற ஓவியரின் பெயர் காணப்படுகிறது. அவர் 1807-இலேயே மறைந்துவிட்டார். பீங்கானில் தீட்டியவரும் அல்லர். அவருடைய ஓவியங்களிலிருந்து நகலெடுத்த, பெரும்பாலும் அச்சுப்பதிவால் ஆன சித்திரங்கள் அவை. அத்தகைய குழப்பத்துக்கு இடம் வைக்காமல், எந்தக் கலயத்தின் அல்லது ஓவியத்தின் வழியாக இந்த உருவம் வந்தது, தீட்டியவர் யார், எந்த ஆண்டு, எத்தனை டிகிரியில் எத்தனை முறை சுடப்பட்டது, உணவுக்கு உரியதன்று என்பவற்றைச் சிறு எழுத்தில் எழுதுங்கள். பின்புற எழுத்துக்குக் கரும்பழுப்பில் உருகுவெப்பம் குறைந்த வண்ணத்தைத் தேர்ந்தால் தங்கத்தின் 720 டிகிரியிலேயே அதுவும் உருகி ஒட்டிக்கொள்ளும். தட்டு தரையில் அமரும் மெருகில்லாத வட்ட விளிம்பிலிருந்து ஒரு விரலளவு உள்ளே தள்ளி எழுத வேண்டும்.